பழைய பயிற்சி விமானத்தைப் படம் எடுப்பது எப்படி: குப்பம் பக்கத்திலிருந்து எலஹங்கா போகிறவர்களுக்கு

பெங்களூர் எலஹங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கிற வருஷமெல்லாம் குப்பம், வி.கோட்டா, சித்தூர் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் கேமராவோடு பெங்களூருக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். திரும்பி வந்து காட்டும்போது ஜெட் விமானப் படங்கள் நன்றாகவே இருக்கும். நடுவில் ஒரு பழைய புரொப்பெல்லர் விமானம் மாட்டியிருந்தால் அது மட்டும் நூல் கட்டித் தொங்கவிட்ட பொம்மை மாதிரி இருக்கும். ஜெட்டுக்கு வைத்த 1/2000 ஷட்டரிலேயே, அதாவது ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்து மூடுகிற வேகத்திலேயே, அதையும் எடுத்திருப்பார்கள், விசிறி அப்படியே உறைந்து நின்றுவிட்டிருக்கும். இது வேறு வகை வேலை. ஷட்டரை எவ்வளவு வேகமாக வைக்கலாம் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எவ்வளவு மெதுவாக வைக்கத் துணிவோம் என்று பார்க்க வேண்டும். அதோடு வானத்தைவிடத் தரையில்தான் நல்ல படம் அதிகம் கிடைக்கும். இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எந்த விமானம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நம் விமானப்படையின் விண்டேஜ் பிரிவில் டைகர் மாத், ஹார்வர்ட், டகோட்டா ஆகியவற்றைப் பறக்கும் நிலையில் பராமரிக்கிறார்கள். டகோட்டா சரக்கும் ஆளும் ஏற்றுவது, அதை விடுங்கள். மற்ற இரண்டும் பைலட்டுகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த விமானங்கள்.

டைகர் மாத் 1931-இல் முதலில் பறந்தது. இரண்டடுக்கு இறக்கை, கூரை இல்லாத இரண்டு இருக்கை, 130 குதிரைசக்தி எஞ்சின். முழு வேகத்தில் போனாலும் மணிக்கு 175 கிலோமீட்டர்தான். வாத்தியார் முன்னால் உட்காருவார், மாணவன் பின்னால். தனியாக ஓட்டும்போதும் பைலட் பின் இருக்கையில்தான் இருப்பார், அதனால் முன் இருக்கை காலியாகத் தெரிந்தால் ஏதோ தப்பு என்று நினைக்காதீர்கள், ஃபோகஸைப் பின்னால் இருக்கிற தலைமேல் வையுங்கள்.

ஹார்வர்ட் அதற்கு அடுத்த வகுப்பு. அமெரிக்காக்காரர்கள் டெக்ஸன் என்பார்கள், பிரிட்டிஷ்காரர்கள் வைத்த பெயர் ஹார்வர்ட், நம்மிடமும் அதுவே நிலைத்தது. வட்டமாக அடுக்கிய ஒன்பது சிலிண்டர், 600 குதிரைசக்தி, நீளமான கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர். இதன் புரொப்பெல்லர் நடுவில் கியர் எதுவும் இல்லாமல் எஞ்சினோடு நேரடியாகச் சுற்றுகிறது. டேக் ஆஃபில் புரொப்பெல்லர் அலகின் (இதழின்) நுனி ஒலியின் வேகத்தை நெருங்கிவிடும். அந்தக் கிழிக்கிற சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. கண்ணுக்குத் தெரியும் முன்னே காது சொல்லிவிடும், கேமராவைத் தூக்க அது போதும்.

நம் நாட்டுச் சரக்கு என்றால் ஹெச்ஏஎல் (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) செய்த பயிற்சி விமானம் ஹெச்டி-2, 1951 ஆகஸ்டில் முதல் முறை பறந்தது. பிறகு 1964-இல் கிரண், அது ஜெட். விமானப்படையின் சாகசக் குழுவான சூர்யகிரண் இப்போது ஹாக் என்ற ஜெட்டை ஓட்டுகிறது, அதற்கு முன் 2011 வரை ஓட்டியது கிரண்தான். பெங்களூர் ஹெச்ஏஎல் முதன்முதலாகப் பூட்டிப் பறக்கவிட்ட விமானமே ஒரு பயிற்சி விமானம்தான், ஹார்லோ என்று பெயர், 1941-இல். அந்த ஊரில் போய் இந்த விமானங்களைப் படம் எடுப்பதில் எனக்குத் தனி சந்தோஷம் உண்டு.

வீட்டு டேபிள் ஃபேனில் பழகுங்கள்

டிக்கெட் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பறக்கும்போது ஹார்வர்டின் புரொப்பெல்லர் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/1000 ஷட்டர் திறந்து மூடுவதற்குள் அது 12 டிகிரிதான் திரும்பியிருக்கும், படத்தில் நின்ற மாதிரிதான் தெரியும். 1/250-இல் 48 டிகிரி, ஓடுகிறது என்று புரியும். 1/125-இல் 96 டிகிரி. இரண்டு அலகு என்பதால் வட்டத்தில் பாதிக்கு மேல் நிரம்பிவிடும், கண்ணால் பார்க்கிற மாதிரியே ஒரு மெல்லிய தட்டு தெரியும்.

நம் வீட்டு டேபிள் ஃபேன் முழு வேகத்தில் நிமிஷத்துக்கு 1300 சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றுகிறது, மூன்று இறக்கை. கணக்குப் போட்டுப் பாருங்கள், 1/125-இல் அதுவும் ஏறத்தாழ பாதி வட்டத்தை நிரப்பும். ஆக, ஹார்வர்டின் புரொப்பெல்லர் எந்த ஷட்டரில் எப்படித் தெரியும் என்பதை வீட்டுக் கூடத்திலேயே பார்த்துவிடலாம். பகல் வெளிச்சத்தில் ஃபேனை ஜன்னல் பக்கம் வைத்து 1/1000, 1/500, 1/250, 1/125, 1/60 என்று ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாகப் பாருங்கள். எது உங்களுக்குப் பிடிக்கிறது என்று நீங்களே முடிவு செய்வீர்கள். எனக்கு 1/160 பிடிக்கும்.

அடுத்தது பேனிங், அதாவது ஓடுகிற பொருளோடு கேமராவையும் சேர்த்துத் திருப்புவது. பலமநேர் ரோட்டோரம் பாதுகாப்பாக, தள்ளி ஒரு இடத்தில் நின்று பைக்குகளை எடுங்கள். உங்களுக்கு நேர் எதிரே வண்டி எங்கே வரும் என்று பார்த்து, பாதம் இரண்டையும் அந்தத் திசைக்கு வையுங்கள். இடுப்புக்கு மேலே மட்டும் வண்டி வருகிற பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும். வண்டி தூரத்தில் வரும்போதே வ்யூஃபைண்டரில் பிடித்து, கூடவே திரும்பி, நேர் எதிரே வரும்போது அழுத்துங்கள், அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தாதீர்கள். புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் கெடுக்கிறார்கள். பொத்தானை அழுத்தின அதே நொடியில் கை நின்றுவிடுகிறது, படம் கலங்கிவிடுகிறது. முதலில் 1/320, கை பழகினால் 1/250, அப்புறம் 1/160, 1/125 என்று இறங்குங்கள். பத்து எடுத்தால் ஒன்றோ இரண்டோ கூர்மையாக இருந்தால் போதும், எல்லாருக்கும் அப்படித்தான்.

கேமராவும் செட்டிங்கும்

"அண்ணா, எங்கிட்ட கிட் லென்ஸ்தான் இருக்கு, போய் என்ன பிரயோஜனம்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. தாராளமாகப் போகலாம் தம்பி. தரையில் நிற்கிற விமானத்துக்கு, கேமராவோடு வருகிற அந்த 18-55 மி.மீ. நல்ல லென்ஸ். பறக்கிறதற்கு 70-300 இருந்தால் நல்லது, 100-400 கிடைத்தால் இன்னும் நல்லது. இதற்காகக் கடன் வாங்க வேண்டாம், பெங்களூரில் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது.

ஷட்டர் பிரயாரிட்டி மோடில் வையுங்கள், ஷட்டரை நீங்கள் வைத்தால் துவாரத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடர்கிற வகையில் இருக்கட்டும், கேனானில் அது ஏஐ சர்வோ, மற்ற பெரும்பாலான கேமராவில் ஏஎஃப்-சி. நடுவில் ஒரு சின்ன ஃபோகஸ் புள்ளிக் கூட்டம், அழுத்தி வைத்தால் அடுத்தடுத்து எடுக்கிற பர்ஸ்ட், கேமரா மெருகேற்றாத ரா ஃபைல், ஒயிட் பேலன்ஸ் பகல் வெளிச்சம். லென்ஸில் ஆட்டம் தணிக்கும் வசதி இருந்து அதில் 1, 2 என்று இருந்தால் 2-க்கு மாற்றுங்கள், அது பேனிங்குக்கு வைத்தது. மிரர்லெஸ் கேமராவில் எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு மெக்கானிக்கலுக்குப் போங்கள். எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை ஒரே நேரத்தில் பதிவு செய்யாமல் வரிவரியாகப் படிக்கிறது, அதற்குள் புரொப்பெல்லர் நகர்ந்துவிடுவதால் அலகு வாழைப்பழம் போல வளைந்து பதிவாகும்.

இதில் யாரும் முன்கூட்டியே சொல்லித்தராத ஒரு சிக்கல் இருக்கிறது. பிப்ரவரி வெயிலில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணர்கிற அளவு) 100, ஷட்டர் 1/125 என்று வைத்தால் கேமரா லென்ஸின் துவாரத்தை எஃப் 14, எஃப் 16 வரைக்கும் சுருக்கிவிடும். அவ்வளவு சுருங்கும்போது சென்சாரில் ஒட்டிய தூசியெல்லாம் நீல வானத்தில் கறுப்புப் புள்ளியாக வந்து நிற்கும். கிரானைட் குவாரித் தூசி நமக்குப் பழக்கம்தான், சென்சாருக்குப் பழக்கம் இல்லை. கிளம்பும் முன் சென்சாரைச் சுத்தம் செய்துவிடுங்கள், அங்கே திறந்த வெளியில் லென்ஸ் மாற்றாதீர்கள். ஒரு போலரைசர் ஃபில்டர் மாட்டினால் வெளிச்சம் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) அளவுக்குக் குறையும், ஹார்வர்டின் கண்ணாடிக் கூண்டில் விழுகிற பிரதிபலிப்பும் அடங்கும். இந்த விமானங்களுக்கு நான் கட்டாயம் வாங்கச் சொல்கிற ஒரே உபரிச் சாமான் அதுதான்.

போவது, நுழைவது

ஏரோ இந்தியா இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஒற்றைப்படை வருஷத்தில், பிப்ரவரியில், எலஹங்கா விமானப்படைத் தளத்தில் நடக்கும். டிக்கெட்டில் வகை உண்டு. பறப்பதை மட்டும் பார்க்கிற பகுதிக்குத் தனி டிக்கெட், 2025-இல் அது 1000 ரூபாய். கண்காட்சி அரங்கும் நிறுத்தி வைத்த விமானங்களும் பார்க்க வேண்டுமென்றால் பொதுப் பார்வையாளர் டிக்கெட், 2500 ரூபாய். பழைய விமானத்துக்காகப் போகிறவர்களுக்கு என் யோசனை இரண்டாவதுதான், கிட்டே போக முடியாவிட்டால் பாதி வேலை நடக்காது. எந்த விமானம் வருகிறது என்பதைக் கிளம்பும் முன் செய்தியில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

குப்பத்தில் ரயில் ஏறினால் கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கிவிடுங்கள், பெங்களூர் மெயின் ஸ்டேஷன் இருக்கிற மெஜஸ்டிக் வரை போனால் சுற்று. அங்கிருந்து ரிங் ரோட்டில் ஹெப்பால், பிறகு வடக்கே பல்லாரி ரோடு. அந்த நாட்களில் பல்லாரி ரோட்டு நெரிசல் மோசமாக இருக்கும், அதனால் முந்தின நாள் இரவே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் படுத்துக்கொள்வது உத்தமம். சொந்தக் காரில் போக வேண்டாம் என்பேன். 2019-இல் நிறுத்துமிடத்தில் காய்ந்த புல் பற்றி ஏறக்குறைய 300 கார்கள் எரிந்துபோயின.

சாப்பாட்டுக் கூடையில் பிரியாணி வேண்டாம். கழிவுக்கு வருகிற பருந்துகள் விமானத்தில் மோதும் என்பதால் 2025-இல் தளத்தைச் சுற்றி 13 கிலோமீட்டருக்கு இறைச்சி விற்கவே தடை போட்டிருந்தார்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இது ராணுவத் தளம், படம் எடுக்கலாம் என்று விட்ட இடத்தைத் தாண்டி ஹேங்கர், ரேடார், காவல் கூண்டு எதன் பக்கமும் லென்ஸைத் திருப்பக்கூடாது. காவலர் வேண்டாம் என்றால் உடனே நிறுத்திவிடுங்கள், வாதம் வேண்டாம்.

வெயிலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படை சாகசம் நடந்தபோது, டகோட்டா, ஹார்வர்ட் எல்லாம் பறந்த நிகழ்ச்சி அது, கூட்டத்திலும் வெயிலிலும் சிக்கி ஐந்து பேர் உயிர் போனது. தொப்பி, தண்ணீர், ஓஆர்எஸ் பொட்டலம் இருந்தே ஆகணும். வயசான அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் படத்தைவிட அவர்களுக்கு நிழல் எங்கே என்று முதலில் பாருங்கள்.

தரையில்: அவசரப்படாமல் நில்லுங்கள்

நிறுத்தி வைத்த விமானத்துக்குக் காலையில் கதவு திறந்ததும் போய்விடுங்கள். கூட்டம் சேரும் முன் கயிற்றுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும், வெளிச்சமும் சாய்வாக இருக்கும். டைகர் மாத், ஹார்வர்ட் இரண்டும் வாலைத் தரையில் ஊன்றி மூக்கைத் தூக்கி நிற்கிற விமானங்கள். முட்டி போட்டு, மூக்கும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரிகிற முக்கால் கோணத்தில், கொஞ்சம் கீழேயிருந்து எடுத்தால் அந்த நிமிர்வு அப்படியே வரும். ரொம்பக் கிட்டே போய் 18-இல் எடுத்தால் மூக்கு மட்டும் பூசணியாக ஊதிவிடும். இரண்டடி பின்னால் வந்து 35, 50 என்று வையுங்கள்.

பிறகு சின்னச் சின்ன இடங்களைத் தேடுங்கள். டைகர் மாத்தின் இறக்கை மரச்சட்டத்தில் துணி போர்த்தியது, சாய்வு வெளிச்சத்தில் உள்ளே இருக்கிற சட்டம் துணிமேல் வரிவரியாகப் புடைத்துத் தெரியும். இரண்டு இறக்கைக்கும் நடுவே குறுக்குக் கம்பிகள். ஹார்வர்டின் இறக்கையில் பைலட் மிதித்து ஏறுகிற இடம், ஒன்பது சிலிண்டரின் விளிம்பு, அதன் அடியில் சொட்டியிருக்கிற எண்ணெய். அந்த எண்ணெய்க் கறையைத் தவிர்த்து எடுக்காதீர்கள், அது இருந்தால்தான் பறக்கிற விமானம் என்று தெரியும்.

எஞ்சின் ஸ்டார்ட் பண்ணுவதுதான் நாளின் முக்கியமான நேரம், பெரும்பாலானவர்கள் அப்போது டீ குடிக்கப் போயிருப்பார்கள். வட்ட எஞ்சினில் விமானம் நின்றிருக்கும்போது எண்ணெய் கீழ் சிலிண்டர்களில் இறங்கித் தேங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் உடைந்துபோகலாம். அதனால் தரைப் பணியாளர் முதலில் புரொப்பெல்லரைக் கையால் பிடித்து, ஒரு அலகு, இன்னொரு அலகு என்று மெதுவாகச் சுற்றிவிடுவார். பக்கத்தில் ஒருவர் தீயணைப்பு சிலிண்டரோடு வந்து நிற்பார். இந்த இரண்டையும் பார்த்தால் கேமரா கையில் இருக்கட்டும். கொஞ்ச நேரத்தில் புரொப்பெல்லர் இழுத்து இழுத்துச் சுற்றும், ஒரு சிலிண்டர் இருமும், தேங்கின எண்ணெய் எரிந்து வெள்ளைப் புகை பக்கவாட்டில் குபுகுபுவென்று வரும், அது ஒருசில நொடிதான். 1/125-இல் பர்ஸ்ட் விடுங்கள். புகைக்கும் சேர்த்து இடம் விட்டு அகலமாக ஃபிரேம் போடுங்கள். டைகர் மாத் என்றால் ஆள் புரொப்பெல்லரைக் கையால் சுண்டித்தான் ஸ்டார்ட் செய்வார். அவர் கை, பின் இருக்கையில் பைலட்டின் முகம், இரண்டும் ஒரே படத்தில் வருகிற கோணத்தைப் பிடியுங்கள்.

ஓடுபாதைக்குப் போகும்போது ஹார்வர்ட் நேராகப் போகாது, பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். தூக்கின மூக்கு முன்னால் மறைப்பதால் பைலட் இப்படி அப்படித் திருப்பித்தான் வழியைப் பார்க்க முடியும். நமக்கு அது பெரிய லாபம், நின்ற இடத்திலேயே இடப் பக்கம், வலப் பக்கம், நேர் முகம் எல்லாம் கிடைத்துவிடும். அப்போது எஞ்சின் நிமிஷத்துக்கு 1000 சுற்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கும், 1/125 போதாது, 1/60-க்கு இறங்குங்கள். விமானமும் மெதுவாகத்தான் போகிறது, கை தாங்கும்.

வானத்தில்

மெதுவான ஷட்டர் வேலை செய்வது விமானம் உங்களுக்குப் பக்கவாட்டில் நேராகக் கடக்கிற அந்தச் சில நொடியில்தான். எதிரே சாய்வாக வரும்போது மூக்கு ஒரு வேகத்திலும் வால் ஒரு வேகத்திலும் நகர்வது போல இருக்கும், எவ்வளவு சுத்தமாகத் திருப்பினாலும் ஒரு முனை கலங்கும். அதனால் வரும்போது 1/320, பக்கவாட்டுக்கு வந்ததும் 1/160, இப்படி டயலைத் திருப்பப் பழகுங்கள். முதல் சுற்றில் 1/320-லேயே எடுத்து, பாதுகாப்பாகச் சில படம் கையில் வந்த பிறகு இறங்குவது நல்லது. இடையில் கிரணோ ஹாக்கோ வந்தால் உடனே 1/1000-க்கு மேலே போய்விடுங்கள், அவற்றில் சுற்றிக் காட்ட ஒன்றும் இல்லை.

விமானம் உங்கள் பக்கம் சாய்ந்து வளையும்போது இறக்கையின் மேல்பக்கமும் பைலட்டும் தெரிவார்கள், அந்த வளைவுக்காகக் காத்திருங்கள். நேர் தலைக்கு மேலே போகிற வயிற்றை எடுத்து கார்டை நிரப்ப வேண்டாம். மூக்குக்கு முன்னால் இடம் விடுங்கள். தாழ்வாகப் பறந்தால் மரமோ கட்டடமோ ஓடுபாதையோ ஃபிரேமில் வரட்டும், பின்னணி கோடு கோடாக ஓடினால்தான் வேகமே புரியும். வெறும் வானத்தில் 1/125-இல் எடுத்தாலும் புரொப்பெல்லரைத் தவிர வேறு எதுவும் வேகத்தைச் சொல்லாது.

வெளிச்சக் கணக்கு: வெளுத்த வானம் பின்னால் இருந்தால் விமானம் கறுத்துவிடும், எக்ஸ்போஷரை முக்கால், ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். ஆனால் பயிற்சி விமானங்கள் பல மஞ்சள் அடித்தவை, புதுப் பையன் ஓட்டுகிறான் என்று மற்றவர்கள் தூரத்திலேயே பார்த்து ஒதுங்குவதற்காக. வெயில் நேராக அடிக்கும்போது அந்த மஞ்சளில் சிவப்பு நிறக் கணக்கு சீக்கிரம் எகிறிவிடும், பெயின்ட் தட்டையாகி விவரம் போய்விடும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டுகிற ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தைப் போட்டு, சிவப்பு வலது சுவரில் முட்டினால் குறையுங்கள். பதினொன்று மணிக்கு மேல் ஓடுபாதைமேல் காற்று கொதித்து நெளியும், அப்போது தூரத்தில் எடுக்கிற எதுவும் கூர்மையாக வராது, எந்த லென்ஸாலும் சரிசெய்ய முடியாது. அந்த நேரத்தில் கேமராவை உறையில் வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஃபோன் மட்டும் வைத்திருப்பவர்கள் பறப்பதைத் துரத்த வேண்டாம். ஃபோன் நல்ல வெயிலில் ஷட்டரை மிக வேகமாக்கிவிடும், மெதுவாக்க வழி இருந்தாலும் துவாரத்தைச் சுருக்க முடியாது, படம் வெளுத்துவிடும், புரொப்பெல்லரும் வளையும். ஆனால் நின்றிருக்கிற விமானத்தின் காக்பிட், கடிகார முகங்கள், துணி இறக்கை, பக்கத்தில் நிற்கிற மெக்கானிக்கின் கை, இதற்கெல்லாம் ஃபோன் தாராளமாகப் போதும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறதை வீடியோவாக எடுங்கள், அந்தச் சத்தம் எந்தப் படத்திலும் வராது.

திரும்பி வந்த பிறகு

ரயிலில் உட்கார்ந்து கேமராவிலேயே அழிக்க ஆரம்பிக்காதீர்கள், சின்னத் திரையில் எல்லாம் கூர்மையாகத்தான் தெரியும். வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டு பைலட்டின் ஹெல்மெட்டையும் விமானத்தின் எண்ணையும் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். அவை இரண்டும் படிக்கிற மாதிரி இருந்து புரொப்பெல்லர் வட்டமாக ஓடியிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைத் தயங்காமல் தூக்கிவிடுங்கள். வைத்துக்கொண்டதில் வானத்துத் தூசிப் புள்ளிகளைத் துடையுங்கள், மஞ்சளை அதற்குமேல் ஏற்ற வேண்டாம். விமானத்தின் எண்ணையும் தேதியையும் ஃபைல் பெயரிலேயே எழுதி, இன்னொரு டிஸ்கில் ஒரு நகல் போட்டு வையுங்கள். அடுத்த ஏரோ இந்தியாவுக்கு இரண்டு வருஷம் ஆகும், அதுவரை கை மறந்துவிடாமல் இருக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் பழைய ஏர்போர்ட் ரோட்டில் இருக்கிற ஹெச்ஏஎல் அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள், ஹெச்டி-2-வும் கிரணும் அங்கே நிற்கின்றன.